வேலி யாருடையது? நிறுவனப் போட்டிக் கோட்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சிறு, நடுத்தரத் தொழில் நடத்துவோரும் முகாமைத்துவம் படிக்கும் மாணவரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கோட்பாடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வசதியாக, இயன்ற இடமெல்லாம் ஒரே தொழிலை உதாரணமாக எடுத்திருக்கிறோம்: சுன்னாகம் பக்கம் வறுத்து அரைத்து, 250 கிராம் பக்கெற்றில் விற்கும் ஒரு கறித்தூள் ஆலை. ஆலை கற்பனை. எண்கள் கணக்கு விளங்குவதற்காக எடுத்தவை, இன்றைய சந்தை விலை அல்ல.

நல்ல சாமான், நியாயமான விலை. இதற்கு மேல் என்ன கோட்பாடு வேண்டிக்கிடக்கிறது?

நல்ல சாமான் இல்லாமல் யாரும் நிலைக்க முடியாது. ஆனால் பக்கத்துக் கடையிலும் அதே நல்ல சாமான் கிடைத்தால், அதனால் உங்களுக்கு மேலதிகமாக ஒரு சதமும் வராது. போட்டி அனுகூலம் என்பது ஒப்பீட்டுச் சொல். வாங்குபவர் உச்சமாகக் கொடுக்கச் சம்மதிக்கும் விலைக்கும் உங்களுக்கு விழும் கிரயத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி போட்டியாளருடையதைவிட அகலமாக இருக்க வேண்டும். நாலு பேர் பார்த்துவிட்டு வந்து அதையே செய்யத் தொடங்கிய பிறகும் அந்த அகலம் மிஞ்ச வேண்டும். முதற்பாதியைப் பலர் செய்துவிடுகிறார்கள். தொழில்கள் விழுவது இரண்டாம் பாதியில்.

இந்த ஊருக்கு இது புதிய பாடம் அல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரம் தொடக்கம் இனிப்புப் பண்டம் வரை உள்ளூரில் செய்தவர்களுக்கு நல்ல விற்பனை இருந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, போர் முடிந்த 2009க்குப் பின் மறுபடி திறந்தபோது கொழும்புச் சாமான் லொறி லொறியாக வந்தது. உள்ளூர்ச் செய்வோருக்கு வேலி இருந்தது உண்மைதான், ஆனால் அது அவர்கள் அடைத்த வேலி அல்ல. கீழே வரும் ஒவ்வொரு கோட்பாட்டையும் படிக்கும்போது, இலாபத்தைக் காக்கும் வேலி எது, அது யாருடைய காணியில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கோட்பாடுகள் ஏன் இத்தனை? எது சரி?

ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதனால்தான் ஒன்றை ஒன்று தோற்கடிக்கவில்லை. மைக்கேல் போர்ட்டர் 1979இல் முன்வைத்த ஐந்து விசைகள் (வழங்குநர், கொள்வனவாளர், புதிதாக நுழைவோர், பிரதியீடு, ஏற்கெனவே இருக்கும் போட்டியாளர்), 'இந்தத் தொழிலில் உண்டாகும் பணம் யாருடைய பைக்குள் ஒழுகிப் போகிறது' என்று கேட்கிறது. வள நோக்கு, 'ஒரே தொழிலில் இருக்கும் இருவரில் ஒருவர் மட்டும் ஏன் நன்றாக உழைக்கிறார்' என்று கேட்கிறது. இதன் வேர் எடித் பென்ரோஸ் 1959இல் எழுதியதில் இருக்கிறது. வெர்னர்ஃபெல்ட் 1984இலும் பார்ணி 1991இலும் அதற்கு இன்றைய உருவம் கொடுத்தார்கள். ரொனால்ட் கோஸ் 1937இல் கேட்ட கேள்வி இன்னும் அடிப்படையானது: சந்தையில் வாங்கக்கூடியதை ஒரு நிறுவனம் ஏன் தானே செய்கிறது? டீஸ், பிசானோ, ஷுயென் மூவரும் 1997இல் எழுதிய இயங்காற்றல் கோட்பாடு, நிலைமை மாறும்போது யார் தப்புவார் என்று கேட்கிறது.

முதலிரண்டும் நிழற்படம் மாதிரி, எடுத்த நேரத்தில் நின்ற நிலையைக் காட்டும். கடைசியாகச் சொன்னதில் அசைவு உண்டு, ஆனால் துல்லியம் குறைவு. எங்கள் பார்வையில், சிறு தொழிலுக்கு முதலில் ஐந்து விசைகளும் அடுத்து வள நோக்கும் போதும். மற்றவை குறிப்பிட்ட முடிவொன்று முன்னால் வரும்போது எடுக்க வேண்டியவை.

ஐந்து விசைகளை உண்மையில் எப்படிச் செய்வது? பாடப்புத்தகத்தில் ஐந்து பெட்டி மட்டும்தான் இருக்கிறது.

பெட்டிகளில் 'அதிகம்', 'குறைவு' என்று எழுதுவது பயனற்ற வேலை. ஒரு பக்கெற்றின் விற்பனை விலையை எடுத்து, அது யார் யாரிடம் போகிறது என்று பிரித்து எழுதுங்கள்.

பக்கெற் 500 ரூபாய்க்கு விற்கிறது. கடைக்காரரின் பங்கு 75. விநியோகத்தருக்கு 40. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு முதலிய சரக்கு 250. வறுத்து அரைக்கும் கூலியும் எரிபொருளும் 50. பொதிக்கு 25. ஏற்றி இறக்க 20. மிஞ்சுவது 40.

இப்போது விசைகளை இந்த எண்கள்மேல் வையுங்கள். வழங்குநர் விசை: இலங்கையில் விற்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இறக்குமதி, அதுவும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. 250இல் மிளகாய்க்கு மட்டும் 120 போகிறது என்று வைத்தால், அதன் விலை 30 சதவீதம் ஏற 36 ரூபாய் கூடும். உங்கள் 40 நாலாகச் சுருங்கும். 2022இல் ரூபாய் விழுந்தபோது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. அந்த வருடம் இக்கணக்கைத் தாளில் போடாதவர்களும் பெட்டகத்தில் கண்டார்கள்.

அடுத்தது கொள்வனவாளர் விசை. இது விலையில் மட்டும் வருவதில்லை, கடன் நாளிலும் வரும். சுப்பர் மார்க்கெற் ஒன்று விநியோகத்தரின் 40 ரூபாயையும் தானே கழிவாகக் கேட்டு, 60 நாள் கடனும் கேட்கிறது என்று வையுங்கள். உங்களுக்கு வருவது பக்கெற்றுக்கு 385. வாரம் 1,000 பக்கெற் கொடுத்தால் எந்நேரமும் ஏறக்குறைய 33 இலட்சம் ரூபாய் வெளியே நிற்கும். அதை வங்கி மேலதிகப்பற்றில் 14 சதவீத வட்டிக்குத் தாங்கினால் வருடத்துக்கு 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். பக்கெற்றுக்கு 9 ரூபாய். 40இல் கிட்டத்தட்ட நாலிலொரு பங்கு, எந்தப் பற்றுச்சீட்டிலும் தெரியாமல் போய்விடுகிறது. 'பெரிய இடத்துக்குக் கொடுக்கிறோம்' என்ற பெருமைக்கு இது கொஞ்சம் கூடின விலை.

புதிதாக நுழைவோருக்கு என்ன தடை? ஒரு தாச்சி, பக்கத்து மில், பொதி ஒட்டும் இயந்திரம், ஒரு சுட்டுத்துண்டு. தடை இல்லை என்றே சொல்லலாம். பிரதியீடு என்று வேறு நிறுவனத்தின் கறித்தூளை எழுதாதீர்கள், அது போட்டியாளர். பிரதியீடு என்பது வீட்டில் தாமே வறுத்து மில்லில் கொடுத்து அரைப்பது. யாழ்ப்பாணத்தில் அது இன்னும் வலுவான பிரதியீடு, கொழும்பில் பலமில்லை, ரொறொன்ரோவில் மிக அரிது. ஆகவே ஒரே பக்கெற்றுக்கு மூன்று ஊரில் மூன்று விதமான போட்டி. ஐந்து விசைகளை 'கறித்தூள் தொழிற்துறை' என்று மொத்தமாகப் போடுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்.

அரசாங்கம் ஆறாவது விசையா?

போர்ட்டர் அப்படி எண்ணவில்லை. அரசாங்கம் மற்ற ஐந்தின் ஊடாக வேலை செய்கிறது என்பதே அவர் நிலைப்பாடு. நடைமுறையிலும் அப்படிப் பார்ப்பதுதான் பயன். 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டபோது என்ன நடந்தது? வெளிநாட்டு மஞ்சள் என்ற போட்டி நின்று, உள்ளூர் மஞ்சள் வைத்திருந்தவரின் பேரம் ஏறியது. விலை பல மடங்கானதும் மாக்கலப்பும், பாக்கு நீரிணை வழியாகக் கடத்தலும் வந்தன. தடை நீடிக்கும் என்று நம்பி மஞ்சளுக்கென்றே காணி குத்தகைக்கு எடுப்பதா என்பது ஐந்து விசைக் கேள்வி அல்ல, வேலி யாருடையது என்ற கேள்வி. வர்த்தமானி ஒன்றால் வந்தது வர்த்தமானி ஒன்றால் போகும். அந்த இடைக்காலத்தில் சம்பாதிப்பதில் பிழை இல்லை. இருபது வருடக் கடன் எடுப்பதுதான் பிழை.

விலை குறைவாகவும் இருந்து, வித்தியாசமாகவும் இருக்க முடியாதா? நடுவில் மாட்டினால் அழிவு என்கிறார்களே.

கிரயத் தலைமை, வேறுபடுத்தல், குவிவு (சந்தையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் விற்பது) என்று போர்ட்டர் 1980இல் பிரித்தார். இரண்டுக்கும் ஆசைப்படுபவர் நடுவில் மாட்டுவார் என்றார். ஜப்பானிய மோட்டார் நிறுவனங்கள் தரத்தையும் உயர்த்திக் கிரயத்தையும் குறைத்துக் காட்டியபோது இக்கூற்று நிறையத் தாக்கப்பட்டது. 1996இல் அவர் கொடுத்த பதில் தெளிவானது: எல்லோரும் பின்தங்கி நிற்கும் காலத்தில் இரண்டையும் ஒருசேர மேம்படுத்தலாம், அது செயற்றிறன். எல்லோரும் செயற்றிறனின் எல்லையைத் தொட்ட பிறகு ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதைப் பெறலாம். உபாயம் அங்கேதான் தொடங்குகிறது.

கறித்தூளில் இது இப்படித் தெரியும். வறுத்த சரக்கை ஆறவிடாமல் அரைத்து, சூடு அடங்காத தூளைப் பொதி செய்தால் உள்ளே வியர்த்து, கட்டிபட்டு, சில வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆறவிட்டுப் பொதி செய்யப் பழகினால் தரமும் கூடும், திரும்பி வரும் பக்கெற்றும் குறையும். இது இரண்டும் சேர்ந்து கிடைக்கும் கட்டம். இதற்கு உபாயம் என்று பெயர் வைக்க வேண்டாம். ஆனால் மல்லியையும் மிளகாயையும் தனித்தனித் தாச்சியில், சிறிய அளவில், கையால் வறுப்பதா, பெரிய உருளை இயந்திரத்தில் ஒன்றாகப் போடுவதா என்பது விட்டுக்கொடுப்பு. முதலாவது மணம் தரும், நாளொன்றுக்குச் சில பத்துக் கிலோவோடு நிற்கும். இரண்டாவது மலிவு, மணம் சமமாக வராது. கையால் வறுத்த கிரயத்தோடு இயந்திரத் தூளின் விலைக்கு விற்பவர்தான் நடுவில் மாட்டியவர்.

வள நோக்குச் சோதனையை எங்கள் தொழிலுக்கு எப்படிப் போடுவது?

உங்களிடம் இருப்பதாக நினைக்கும் பலங்களை எழுதி, ஒவ்வொன்றிடமும் நாலு கேள்வி கேளுங்கள். பெறுமதியானதா, அரிதா, பிறர் போலச்செய்வது கடினமா, அதைப் பயன்படுத்தும் ஒழுங்கு உங்களிடம் இருக்கிறதா? வரிசை முக்கியம். முதற் கேள்வியில் தோற்றதற்கு மற்ற மூன்றையும் கேட்பதில் பயனில்லை.

அம்மம்மாவின் செய்முறை: பெறுமதி உண்டு, அரிது அல்ல. ஒரு கிலோ செத்தலுக்கு ஒரு கிலோ மல்லி, மற்றதெல்லாம் கைப்பிடி வித்தியாசம் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

'யாழ்ப்பாணம்' என்ற பெயர்: பெறுமதி நிறைய, காவல் இல்லை. யாழ்ப்பாணக் கறித்தூள் என்று, யாழ்ப்பாணத்தைக் காணாத ஆலைகளும் அச்சடிக்கின்றன. இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீட்டுக் காப்பைப் பெற்றது; அத்தகைய காப்பு இல்லாத ஊர்ப்பெயர் எல்லோருடைய வளம், ஆகவே ஒருவருடைய அனுகூலமும் அல்ல.

புகையைப் பார்த்து, மணத்தை வைத்து, எந்தக் கணம் தாச்சியை இறக்க வேண்டும் என்று அறிந்த தலைமை வறுவற்காரி: பெறுமதி, அரிது, எழுதிவைத்துக் கற்க முடியாதது. மூன்றிலும் வெற்றி. ஆனால் இந்த வளம் பின்னேரம் ஐந்து மணிக்குச் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விடும். போட்டியாளர் கூடிய சம்பளம் பேசலாம். அப்போது அந்த அனுகூலத்தின் பணம் உங்களுக்கு அல்ல, அவவுக்குப் போகும். அது நியாயமும்கூட. கோட்பாட்டு நூல்களில் இது சின்ன எழுத்தில் வரும் விடயம், சிறு தொழிலில் பெரிய எழுத்து. தீர்வு அவவைக் கட்டிவைப்பது அல்ல: இரண்டு பேரை அவவின் கீழ் பழக்குவது, இலாபப் பங்கு கொடுப்பது, ஒவ்வொரு வறுவலிலும் மாதிரி எடுத்து நிறத்தை ஒப்பிட்டுப் பதிவு வைப்பது.

பாரிஸ் நகரின் லா சப்பலிலோ ரொறொன்ரோவிலோ இருக்கும் தமிழ்க் கடைகளோடு பல வருடம் பிசகாமல் சாமான் அனுப்பி வந்த உறவு: இதுதான் பட்டியலில் வலிமையானது. காசு கொடுத்து ஒரே வருடத்தில் வாங்க முடியாது. டீரிக்ஸ், கூல் என்ற இருவர் 1989இல் இதை விளக்கினார்கள்: சில வளங்கள் காலத்தால் மட்டும் சேரும், அவசரப்படுத்தினால் செலவு ஏறுமே தவிர வளம் ஏறாது. பனை நட்டவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றினாலும் அது பன்னிரண்டு வருடத்துக்கு முன் காய்க்கப்போவதில்லை.

அந்த உறவு உண்மையிலேயே வேலியா என்று அறிய ஒரு கணக்கு. மேலே மிளகாய் 36 ரூபாய் ஏறியபோது, பக்கெற்றை 540 ஆக்கி, விற்பனை குறையாமல் இருந்தால் (கடை 81, விநியோகம் 43, சரக்கு 286, மற்றது 95) மிச்சம் 35. ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. விலையை 40 ரூபாய் ஏற்றி ஆளை இழக்காதவரிடம் அனுகூலம் இருக்கிறது. ஏற்ற முடியாதவரிடம் நல்ல சாமான் மட்டும் இருக்கிறது.

தொழிற்துறை முக்கியமா, நிறுவனம் முக்கியமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ரிச்சர்ட் ருமெல்ட் 1991இல் அமெரிக்க உற்பத்தித் தொழில்களின் இலாப வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்தார். நிலையான தொழிற்துறை வேறுபாடு ஏறக்குறைய 8 சதவீதத்தை விளக்கியது, தனித்தனி வணிகப் பிரிவுகளின் வேறுபாடு ஏறக்குறைய 46 சதவீதத்தை. 1997இல் மெக்காஹனும் போர்ட்டரும் உற்பத்திக்கு வெளியே உள்ள துறைகளையும் சேர்த்துச் செய்தபோது தொழிற்துறைப் பங்கு 19 சதவீதமாக ஏறியது, வணிகப் பிரிவின் பங்கு 32 சதவீதம். இரண்டிலும் நிறுவனமே முந்துகிறது. ஆனால் இவை பெரிய அமெரிக்க நிறுவனங்களின் தரவு. 46 என்ற எண்ணை அப்படியே எடுத்துவந்து மருதனார்மடச் சந்தைக் கடைமேல் வைக்க வேண்டாம்.

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகள் ஏன் வரிசையாக ஒட்டி நிற்கின்றன? போட்டியிலிருந்து விலகிப் போவதல்லவா புத்தி?

அல்பிரட் மார்ஷல் 1890இலேயே காரணம் சொன்னார்: கைதேர்ந்த தொழிலாளர் ஒரே இடத்தில் கிடைப்பர், துணைத் தொழில்கள் பக்கத்தில் வளரும், தொழில் அறிவு காற்றோடு பரவும். கல் பதிப்பவர், மெருகிடுபவர், உருக்கிப் பார்ப்பவர் எல்லாம் நடை தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு கடையும் அவர்களைச் சம்பளத்துக்கு வைக்கத் தேவையில்லை. வாங்குபவர் பக்கமும் உண்டு. தாலிக்கொடி எடுக்க வரும் குடும்பம் நாலு கடை ஏறி இறங்காமல் வாங்காது. தனியாக நிற்கும் கடைக்கு அந்தக் குடும்பம் வரவே மாட்டாது.

இதற்கு விலை உண்டு. தங்கத்தின் நாள்விலை எல்லோருக்கும் ஒன்று. எட்டுக் கிராம் பவுணில் யாரும் வித்தியாசம் காட்ட முடியாது. வித்தியாசம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். பக்கத்துக் கடை இருபது அடியில் இருக்கும்போது அதையும் ஏற்ற முடியாது. ஆகவே வேலி வேறிடத்தில் எழுகிறது: பழைய நகையைத் திருப்பிக் கொண்டுவந்தால் கேள்வி கேட்காமல் எடுக்கும் பெயர்.

எதிர்க் கடை விலையைக் குறைத்துவிட்டது. நாங்களும் குறைப்பதா?

விளையாட்டுக் கோட்பாட்டின் இடம் இது. கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடும் இரண்டு இரவு பஸ்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் 40 இருக்கை, 30 பயணிகள், கட்டணம் 3,000, வருமானம் 90,000. நீங்கள் மட்டும் 2,500க்கு இறக்கினால் பஸ் நிரம்பி 1,00,000 வரும், மற்றவர் 22 பேரோடு 66,000க்கு விழுவார். அவரும் இறக்கினால் தலா 32 பேர், தலா 80,000. இருவருக்கும் நட்டம், ஆனால் இறக்கிய பிறகு தனியே ஏற்றத் துணிபவர் 66,000க்குப் போவார். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கடினம்.

எந்தத் தொழிலில் இது அடிக்கடி வெடிக்கும்? நிலையான செலவு பெரிதாகவும், இன்னும் ஒரு ஆளை ஏற்றும் செலவு சிறிதாகவும், விற்காதது அன்றே அழிவதாகவும் இருக்கும் தொழிலில். பஸ் இருக்கை, மண்டப வாடகை, ரியூசன் வகுப்பு, விடுதி அறை. கறித்தூளில் குறைவு, விற்காத பக்கெற் நாளைக்கும் இருக்கும்.

இருவரும் பேசி விலையை நிர்ணயிப்பது தீர்வு அல்ல. போட்டியை ஒடுக்கும் நடைமுறைகளை விசாரிக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இடம் தருகிறது. செய்யக்கூடியது, ஒப்பிட முடியாதபடி பிரிவது: புறப்படும் நேரம், வீட்டுவாசலில் ஏற்றுவது, பொதி அனுப்பும் சேவை. எதிரியைவிட ஒரு ரூபாய் குறைப்பதற்கு முன், அவர் இறக்கிய விலையில் எத்தனை மாதம் ஓடத் தாங்குவார் என்று கணக்குப் பாருங்கள். பெரும்பாலும் உங்களைவிட ஒரு மாதம் கூடத் தாங்குவார்.

எதைச் சொந்தமாகச் செய்வது, எதை வெளியே கொடுப்பது?

கோஸ், அவருக்குப் பின் ஒலிவர் வில்லியம்சன் (இருவரும் முறையே 1991, 2009இல் பொருளியல் நோபல் பெற்றவர்கள்) சொல்வது: விலையை மட்டும் பார்க்காதீர்கள், கொடுக்கல் வாங்கலின் செலவைப் பாருங்கள். ஆள் தேடுவது, பேரம் பேசுவது, கண்காணிப்பது, ஏமாந்தால் மீட்பது எல்லாம் அதில் அடங்கும். ஒருவருக்காக மட்டும் நீங்கள் செய்த முதலீடு எவ்வளவு பெரிதோ, அவர் பிறகு உங்கள் கழுத்தில் கைவைக்கும் வாய்ப்பும் அவ்வளவு பெரிது.

நண்டு வியாபாரத்தில் இதை நேரே பார்க்கலாம். ஏற்றுமதிக்கு நண்டு சேர்ப்பவர் கடற்றொழிலாளிக்கு வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுக்கிறார்; பிடிப்பை அவருக்கே கொடுக்க வேண்டும் என்பது வாய்ப்பேச்சு. வெளியிலிருந்து பார்த்தால் சுரண்டல், பல நேரம் சுரண்டலும்தான். அதன் உள்ளே ஒரு கொடுக்கல் வாங்கல் தர்க்கமும் இருக்கிறது. நண்டு சில மணித்தியாலத்தில் கெடும். கரையில் நின்று பேரம் பேச இருவருக்கும் நேரம் இல்லை. முற்பணம் வரத்தை உறுதிசெய்கிறது. விலையை யார், எந்தச் சந்தையைப் பார்த்து நிர்ணயிப்பது என்று முன்கூட்டியே எழுதாததுதான் பிழை வரும் இடம். கடன் தீரும்வரை வேறு ஆளிடம் போக முடியாதவருக்கு அன்றைய விலை எப்போதும் குறைவாகவே இருக்கும்.

கறித்தூள் ஆலைக்கு: அச்சடித்த பொதி, லொறி இரண்டும் வெளியே கொடுக்கலாம், ஆட்கள் பலர் உண்டு. வறுப்பதை வெளியே கொடுக்காதீர்கள். அரைப்பது இடைப்பட்டது, மற்றவரின் மில்லில் முந்திய ஆளின் அரிசிமாவும் உங்கள் தூளோடு வரும்.

தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அதுதானே இயங்காற்றல்?

இல்லை, வித்தியாசம் நுட்பமானது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றியது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது எல்லாம் அபாரமான சமாளிப்பு. சிட்னி வின்டர் 2003இல் இதைத் தனியே பிரித்தார்: வந்த சிக்கலை அந்தந்த நேரம் சமாளிப்பது வேறு, மாற்றத்தையே வழக்கமான வேலையாக வைத்திருப்பது வேறு. இரண்டாவதற்குச் சும்மா இருக்கும் காலத்திலும் பணம் செலவாகும், அதனால்தான் அரிது.

டீஸ் 2007இல் மூன்று பகுதியாகச் சொன்னார்: உணர்வது, கைப்பற்றுவது, மாற்றியமைப்பது. படச்சுருள் நிறுவனமான கொடாக்கில் எண்முறைப் புகைப்படக் கருவியின் முதல் மாதிரி 1975இலேயே செய்யப்பட்டது. ஆக, உணரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் 2012 ஜனவரியில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அதன் போட்டியாளரான புஜிபிலிம் தன் இரசாயன அறிவை மருந்து, அழகுசாதனம், எல்சிடி திரைகளுக்கான படலம் என்று நகர்த்தித் தப்பியது. படச்சுருள் கழுவியே பிழைத்த ஊர் ஸ்ரூடியோக்களில் தப்பியவை எவை என்று எண்ணிப் பாருங்கள்: கலியாண அல்பம், வீடியோ, பிறகு ட்ரோன் என்று போனவை. அவை கொண்டுபோனது கருவியை அல்ல, கலியாண வீட்டாரின் நம்பிக்கையை.

நீலச் சமுத்திரம், குலைக்கும் புத்தாக்கம் இவற்றைப் பற்றி?

நீலச் சமுத்திரம் (கிம், மொபோர்ன், 2005) போட்டியில்லாத புதுச் சந்தையை உண்டாக்கு என்கிறது. எதை நீக்குவது, எதைக் குறைப்பது, எதை உயர்த்துவது, எதைப் புதிதாகத் தருவது என்ற அதன் நாலு கேள்விகளும் நல்ல பயிற்சி. வேலி பற்றி அது அதிகம் பேசாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் புதிதாக ஒரு பண்டம் முதல் வாரம் நன்றாக விற்றால், மூன்றாம் வாரம் அதே பண்டம் ஆறு கடைகளில் இருக்கும்.

குலைக்கும் புத்தாக்கம் என்ற சொல் ஊரில் எதற்கும் ஒட்டப்படுகிறது. கிறிஸ்டென்சன் 1997இல் குறித்தது, பெரியவர்கள் கவனிக்காத கீழ்மட்டத்திலோ இதுவரை வாங்காதவர்களிடமோ தொடங்கி, தரம் ஏறி ஏறி மேலே வருவது. செயலியில் ஓட்டோ கூப்பிடுவது அதில் சேராது. ஊபரே அதில் சேராது என்று அவரும் இணை ஆசிரியர்களும் 2015இல் எழுதினார்கள்.

இதெல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் வருமா?

ஹொண்டா 1959இல் அமெரிக்காவில் கடை திறந்தது. போஸ்டன் ஆலோசனை நிறுவனம் 1975இல் பிரித்தானிய அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கை, அளவுப் பொருளாதாரத்தால் கிரயத்தைக் குறைத்த திட்டமிட்ட வெற்றியாக அதைக் காட்டியது. அங்கே வேலை செய்தவர்களை ரிச்சர்ட் பாஸ்கல் நேரில் கேட்டு 1984இல் எழுதியது வேறு கதை: பெரிய மோட்டார் சைக்கிள் விற்கப் போனார்கள், அது பழுதானது, தாங்கள் அலுவல் ஓடத் திரிந்த 50 சிசி சுப்பர் கப்பைக் கண்டு ஆட்கள் விசாரித்தார்கள். யாழ்ப்பாண வீதிகளில் நெடுங்காலம் ஓடிய ஹொண்டா 50, 90 அதே குடும்பம். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் இவ்வாறு முளைத்து வரும் உபாயத்தை வற்புறுத்தியவர். இரு விளக்கமும் முழுப் பொய் அல்ல. சிறியது விற்றது தற்செயல், அத்தனை மலிவாகச் செய்ய முடிந்தது தற்செயல் அல்ல.

நாளைக்குத் தொடங்குவதென்றால் எங்கிருந்து?

முதலில் ஒரு பக்கெற்றின், அல்லது ஒரு பஸ் ஓட்டத்தின், கணக்கை மேலே செய்ததுபோல் பிரியுங்கள். உங்கள் சொந்தச் சம்பளத்தையும் சொந்தக் கட்டடத்தின் வாடகையையும் செலவாகப் போடுங்கள். இதை விடுபவர்கள்தான் நட்டத்தில் ஓடிக்கொண்டே இலாபம் என்று நினைப்பவர்கள். பிறகு கடந்த ஒரு வருடத்தில் உங்களை விட்டுப்போன ஐந்து வாடிக்கையாளரையும் புதிதாக வந்த ஐந்து பேரையும் பெயரெழுதி, ஏன் என்று கேளுங்கள். சொந்தக்காரரைக் கேட்க வேண்டாம். அடுத்து, பலங்களின் பட்டியலை நாலு கேள்விச் சோதனையில் போட்டு, மிஞ்சும் ஒன்று இரண்டுக்கு எதிரே 'இது போனால் எதனால் போகும்' என்று எழுதுங்கள்: வர்த்தமானி, ஆள் விலகல், நாணய விலை, போலச்செய்தல். ஒன்றும் மிஞ்சாவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலான தொழில்களில் மிஞ்சுவதில்லை. அப்போது கடன் வாங்கி விரிவாக்குவதை மட்டும் நிறுத்திவையுங்கள்.

மாணவர் ஒப்படைகளில் புள்ளி குறைவது எங்கே?

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற நாலு பெட்டியைக் கோட்பாடு என்று எழுதுவது முதலாவது. அது பட்டியல், காரணம் சொல்லாது. இரண்டாவது, போட்டியாளரைப் பிரதியீடு என்பது. மூன்றாவது, ஒரே நிறுவனத்துக்கு எல்லாக் கோட்பாட்டையும் போட்டு, அவை ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தைச் சொல்லாமல் விடுவது. ஐந்து விசைகளின்படி கறித்தூள் தொழிலில் யாரும் நுழையக் கூடாது. வள நோக்கின்படி, லா சப்பல் கடைகளின் உறவு கையில் இருப்பவர் நுழையலாம். ஒப்படையில் எழுத வேண்டியது, அந்த உறவு பக்கெற்றுக்கு எத்தனை ரூபாய் தாங்கும் என்பது.